பாரா நிற்கும் முதல் இரவுக்கு முன்: கடலூர் மாவட்டக் காவல் நிலையங்களுக்குப் புதிதாக வருவோருக்கு

ஆயுதப் படையில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு முதன்முறையாகச் சட்டம் ஒழுங்குக் காவல் நிலையத்துக்கு வரும் இளம் காவலர்களும், நேரடித் தேர்வில் உதவி ஆய்வாளராகி வருபவர்களும் ஓய்வுபெற்ற என்னிடம் வந்து கேட்கும் கேள்விகளில் சட்டப் பிரிவுகளைப் பற்றியவை மிகக் குறைவு. "அய்யா, மேலே இருப்பவர் தவறானதைச் செய்யச் சொன்னால் எப்படி மறுப்பது?" என்பது ஒன்று. "பிணத்தைத் தூக்கிய கையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை எப்படித் தூக்குவது?" என்பது இன்னொன்று. இவ்விரண்டையும் வெவ்வேறு கேள்விகளாக நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். மனத்தில் கனமாகத் தங்கிப்போனவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோதுதான், கண்ணால் கண்ட கோரங்களைவிட, செய்ய வேண்டியதைச் செய்யாமல் நின்ற இரவுகளே அவற்றில் அதிகம் என்று தெரிந்தது. ஆகவே கீழே சொல்லப்படுபவை மனச்சாட்சிக்கும் மன நலத்துக்கும் பொதுவான வழிகள்.

சேர்ந்த முதல் வாரம்

பணியேற்ற அன்றே உங்கள் பெயரில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். நிலையத்தின் பொது நாட்குறிப்பில் என்ன எழுதப்பட்டாலும், நீங்கள் எந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள், யார் எந்தப் பணியைச் சொன்னார்கள், யாரை உங்கள் பொறுப்பில் விட்டார்கள் என்பதை அன்றன்றைக்கு, மையில், பக்கம் கிழிக்காமல், இடைவெளி விடாமல் எழுதி வையுங்கள். கருத்து எழுத வேண்டாம். நேரமும் நிகழ்வும் போதும். ஐந்தாறு ஆண்டு கழித்து நீதிமன்றத்திலோ துறை விசாரணையிலோ நிற்கும்போது உங்கள் நினைவை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த நோட்டை நம்புவார்கள்.

அடுத்து, உங்கள் நிலையத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் எங்கெங்கே உள்ளன, எங்கே இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி நுழைவாயில், லாக்கப், வராந்தா, ஆய்வாளர் அறை உட்பட எல்லா இடங்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா இருக்க வேண்டும். பதிவுகளை நீண்ட காலம் பாதுகாக்கவும் வேண்டும். புதிதாக வருபவர்கள் கேமரா தங்களைக் குற்றவாளியாக்கும் என்று அஞ்சுகிறார்கள். சரியாக நடந்துகொண்ட காவலருக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூன்றாவதாக, இந்த மாவட்டத்தின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குத் திருட்டு வழக்கு விசாரணைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட முதனை கிராமத்து ராஜாக்கண்ணு என்ற குறவர் சமூகத்து ஏழைத் தொழிலாளி உயிரோடு வீடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்று காவலர்கள் சொன்னார்கள். அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2006இல் உயர் நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. அங்கிருந்து அதிக தொலைவில்லாத விருத்தாசலம் பகுதியில், 2003 ஜூலையில், சாதி மறுத்து மணந்த முருகேசனும் கண்ணகியும் நஞ்சு ஊட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். அந்த வழக்கில் பெண்ணின் உறவினர்களோடு, நடந்ததை மறைக்கத் துணைபோன காவல் அதிகாரிகளும் 2021இல் கடலூர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். 2025இல் உச்ச நீதிமன்றமும் அந்த அதிகாரிகள் குற்றவாளிகளே என்று உறுதி செய்தது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இவற்றை நான் சொல்லவில்லை. இவ்விரு நிகழ்வுகளிலும் நிலையத்தில் பாரா, அதாவது வாயிற்காவல், நின்றவரும், எழுத்தரும், ஜீப் ஓட்டியவரும் இருந்திருப்பார்கள். நீங்கள் நிற்கப்போவது அவர்கள் நின்ற இடத்தில்.

பாரா

என் பணியின் மூன்றாம் ஆண்டில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிலையத்தில், இரவு பாராவில் இருந்தேன். பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையனைப் பம்புசெட் மோட்டார் திருட்டுக்காக அழைத்து வந்து பின்கட்டு அறையில் உட்கார வைத்தார்கள். எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் ஏறவில்லை. "தம்பி, நீ ஒண்ணும் எழுதாதே, காலையில அனுப்பிடுவோம்" என்று ஏட்டு சொன்னார். நான் எழுதவில்லை. இரவில் சத்தம் கேட்டது. வெளியே வேப்ப மரத்தடியில் அவனுடைய அப்பா, மகனுக்காக வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார். காலையில் பையன் நொண்டிக்கொண்டு போனான். வழக்கும் இல்லை, மோட்டாரும் கிடைக்கவில்லை. நான் அவனை அடிக்கவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பொட்டலத்தை வாங்கி உள்ளே கொடுத்திருக்கலாமே என்ற நினைப்பு மட்டும் இன்றும் போகவில்லை.

அன்று நான் செய்திருக்க வேண்டியதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒருவரை விசாரணைக்காக நிலையத்துக்குள் கொண்டுவந்தவுடன், அழைத்து வந்தவரிடம் மரியாதையோடு கேளுங்கள்: "அய்யா, பாரா புத்தகத்தில் எழுதணும். இவர் பெயர், ஊர், எந்த வழக்கு?" இந்தக் கேள்வியை எதிர்ப்பாகக் கேட்காதீர்கள், வேலை முறையாகக் கேளுங்கள். எழுத வேண்டாம் என்றால், "என் பாராவில் ஆள் இருக்கிறார், நாளை ஏதாவது ஆனால் நான்தானே அய்யா பதில் சொல்ல வேண்டும்" என்று சொல்லுங்கள். கேட்பவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் இந்த ஒரு வாக்கியம் அவரைச் சற்று நிறுத்தும், ஏனென்றால் அவருக்கும் அது பொருந்தும். அதற்கும் மசியவில்லை என்றால் உங்கள் நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். பிறகு வெளியே காத்திருக்கும் உறவினரிடம் ஆள் எங்கே இருக்கிறார் என்பதைச் சொல்லுங்கள். கைதான செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் காவலர்மீது சுமத்திய கடமை. கைது குறிப்பில் நேரமும் சாட்சியின் கையொப்பமும், வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை ஆகியவையும் அதே தீர்ப்பில் வந்தவை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 22ஆம் கூறிலேயே உள்ளது.

பெண்களையும், பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களையும், அறுபதைக் கடந்தவர்களையும் சாட்சி விசாரணைக்காக நிலையத்துக்கு வரச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அவர்கள் வீட்டுக்கு நீங்கள்தான் போக வேண்டும். இதை எடுத்துச் சொல்லும் புதிய காவலரைச் சிலர் "சட்டம் படிச்சவன்" என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

அடி விழும்போது

உங்கள் கண்முன் ஒருவர் அடிக்கப்படும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு எளிய பதில் என்னிடம் இல்லை, ஆனால் வரிசை ஒன்று இருக்கிறது. முதலில், உங்கள் கை அதில் சேரக்கூடாது. பிடித்துக்கொள்வதும் கதவை மூடிக்கொடுப்பதும் சேர்வதுதான். வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் ஏழு ஆண்டு வரையிலும், கொடுங்காயமானால் பத்து ஆண்டு வரையிலும் சிறை உண்டு. மேலதிகாரி சொன்னார் என்பது சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவுக்கு மட்டுமே காப்பு. அப்படி அடித்து வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லவும் செல்லாது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சான்றாகாது என்பது பழைய சாட்சியச் சட்டத்திலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் ஒன்றுதான்.

இரண்டாவதாக, அடியை நிறுத்த வைக்கும் சிறிய குறுக்கீடுகளைக் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீர்ச் செம்போடு உள்ளே போவது, "அய்யா, டி.எஸ்.பி. ஆபீஸிலிருந்து போன்" என்று கூப்பிடுவது, ஆள் மயங்குகிறார் என்று சத்தமாகச் சொல்வது ஆகியவை பல முறை ஒருவரின் எலும்பைக் காப்பாற்றியதைப் பார்த்திருக்கிறேன். இவை வீரச் செயல்கள் அல்ல. அந்த நொடிக்கு உதவுபவை. மூன்றாவதாக, காயம் பட்டிருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று வாயால் சொல்லி, சொன்ன நேரத்தை எழுதுங்கள். மருத்துவமனைக்கு வழிக்காவலாக அனுப்பப்பட்டால், மருத்துவர் கேட்கும் கேள்விக்குக் காயம்பட்டவருக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு" என்று வழியில் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பொய்யை நீங்கள் உருவாக்கவில்லை என்றாலும், சுமந்துகொண்டு போனவர் நீங்களாக இருப்பீர்கள்.

நான்காவதாக, விசாரணை வந்தால் கண்டதைச் சொல்லுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, அந்த இரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் நடந்ததைச் சொன்னார். பயந்துகொண்டே சொன்னார், கையொப்பமிடத் தயங்கி, பிறகு இட்டார். பயமில்லாமல் இருந்தால்தான் உண்மை பேச முடியும் என்று நினைக்கும் இளையவர்களுக்கு அவரைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

கையெழுத்து

போகாத இடத்துப் பார்வை மகஜரிலும் (சம்பவ இடத்தை நேரில் பார்த்து எழுதும் குறிப்பு), பார்க்காத கைப்பற்றுதலிலும் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அல்ல, ஆள் பற்றாக்குறையில். முதல் முறை மறுப்பது எளிது. பத்துக் கையெழுத்துக்குப் பிறகு பதினோராவதை மறுக்க முடியாது. "அய்யா, நானும் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்து போடுறேன்" என்று சொல்லுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு உண்மையாகவே போய் வாருங்கள். ஆனால் பார்த்த நாளையும் நேரத்தையுமே எழுத வேண்டும், முன்தேதியைப் போடக்கூடாது.

புகார் வாங்கும் மேசை

நம் மாநிலத்தில் புகார் கொடுத்தவருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு. மனு பெற்றதற்கு அத்தாட்சி என்ற அளவில் அது நல்லது. முதல் தகவல் அறிக்கைக்குப் பதிலாக அதைக் கொடுத்துவிட்டுச் சமரசம் பேச அழைப்பது தவறு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதற்கட்ட விசாரணைக்கு இடமுள்ள வகைகள் சிலவே. சம்பவம் எந்த நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் வாங்கிப் பதிந்து, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்பலாம். பாகூர்ப் பக்கம் நடந்த சண்டைக்குப் புதுச்சேரிக்குப் போ என்றும், இங்கே நடந்ததற்குக் கடலூருக்குப் போ என்றும் அடிபட்டவரை ஆற்றுப் பாலத்தின் இரு கரைக்கும் அலைய விடுவதை இனியாவது நிறுத்த வேண்டும்.

பதிய வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை; பதிய வைப்பதும் கீழ்நிலைக் காவலராக இருந்தால் எல்லா நேரமும் உங்களால் இயலாது. ஆனால் நிலைய வாசலில் நிற்கும் ஒருவருக்கு மேல் வழியைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. மனுவை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம் என்பதையும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தகுதியுள்ளவர்களுக்குக் கட்டணமின்றி வழக்கறிஞர் கிடைப்பார் என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

காதலித்து மணந்து பாதுகாப்புக் கேட்டு வரும் இணையரை மட்டும் ஒருபோதும் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருவரும் வயது வந்தவர்கள் என்பதைச் சான்றுகளில் பாருங்கள். பெண்ணைத் தனியாக, பெண் காவலர் முன்னிலையில் கேளுங்கள். "பெத்தவங்க மனசு என்ன பாடுபடும்" என்று அறிவுரை கூறுவதும், உறவினருக்குப் போன் செய்து வரவழைத்து நிலையத்திலேயே பஞ்சாயத்து வைப்பதும் சில வேளைகளில் கொலைக்கு நாள் குறித்துக் கொடுப்பதாக முடியும். 2018இல் சக்தி வாகினி வழக்கில் தனிப் பிரிவுகளை அமைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது; பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பதைப் பரிசீலிக்கவும் சொல்லியிருக்கிறது. அந்த இரவே கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குத் தகவல் போய்விட வேண்டும். அந்த ஊர்ச் சாதியே உங்கள் சாதியாகவும் இருந்தால் உறவு முறை சொல்லிக்கொண்டு ஆட்கள் உங்கள் வீட்டுக்கே வருவார்கள். "மாமா, சீருடையில் இருக்கும்போது இதைப் பேச வேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். சொல்லும்போது மனம் நோகும். அந்த நோவு தாங்கக் கூடியது.

சோதனைச் சாவடி

புதுச்சேரி மது விலை குறைவு என்பதால் ஆல்பேட்டைச் சாவடி போன்ற இடங்களில் பணம் காற்றில் வரும். அதைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. முதல் நாள் வாங்கிக் கொடுக்கும் டீக்குக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் யாரும் நீட்ட மாட்டார்கள். கைப்பற்றிய குவார்ட்டர் பாட்டில்களைப் பிடிபட்டவர் முன்னிலையில் எண்ணி, எண்ணியபடியே எழுதுங்கள். பையில் பத்துப் பாட்டில் வைத்திருக்கும் கூலித் தொழிலாளியைப் பிடித்துக் கணக்கைக் காட்டிவிட்டு, வண்டி வண்டியாகப் போவதைக் காணாதிருக்கும் சாவடியில் உங்கள் பெயர் நெடுநாள் நிற்க வேண்டாம். மாற்றல் கேட்டு மனுப் போடுங்கள்.

இறப்புச் செய்தி சொல்லப் போகும்போது

கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ புறவழிச் சாலையிலோ விபத்து, ஜிப்மருக்குக் கொண்டுபோன வழியில் உயிர் போயிற்று, வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று உங்களை அனுப்புவார்கள். தனியாகப் போகாதீர்கள். கிளம்பும் முன் இறந்தவரின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றை அடையாள அட்டையோடு இருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரே தெருவில் ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். வாசலில் நின்றுகொண்டு சொல்லாதீர்கள். அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு உள்ளே போய், உட்கார வைத்து, "அம்மா, உங்க வீட்டுக்காரர் விபத்துல இறந்துட்டார்" என்று இறந்ததை இறந்தது என்றே சொல்லுங்கள். "சீரியஸா இருக்கார், கிளம்புங்க" என்று சொல்வது கருணை போலத் தோன்றும். அந்தக் குடும்பம் வழியெல்லாம் வேண்டுதல் வைத்துக்கொண்டே வந்து பிணவறை வாசலில் இறங்கும்போது, அந்தச் சொல்லைச் சொன்ன உங்களை ஆயுள் முழுவதும் மன்னிக்காது. சொன்னபின் ஐந்து நிமிடமாவது அங்கேயே இருங்கள். உடல் எங்கே இருக்கிறது, பிரேதப் பரிசோதனை முடிய எவ்வளவு நேரம் ஆகலாம், யார் வர வேண்டும், என்ன அட்டை கொண்டுவர வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, அழாமல் நிற்கும் ஒருவர் கையில் கொடுங்கள். பிணவறையில் யாராவது பணம் கேட்டால் உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

பிரேத விசாரணையின்போது உடலை மூடி வையுங்கள், தேவையான பகுதியை மட்டும் திறந்து பாருங்கள், செல்போனில் படம் எடுத்துக் குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். இறந்தவருக்கான மரியாதை என்பதோடு இது உங்களுக்கான பாதுகாப்பும்கூட. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்குத் தூக்கம் போவதைக் கண்டிருக்கிறேன்.

குழந்தைகள் தொடர்பான வழக்கு என்றால் சட்டமே சில விஷயங்களில் உங்களுக்கு வழி சொல்கிறது. போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையை நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. அத்தகைய வழக்கில் வேலை செய்த வாரத்தில் உங்கள் சொந்தப் பிள்ளைகள் மேல் காரணமில்லாத அச்சமும் கோபமும் வரும். அது வரும் என்று முன்பே தெரிந்துவைத்திருப்பதே பாதி உதவி.

வீடு

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை தேவனாம்பட்டினத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த அந்த நாள்களில் உடல்களை எடுப்பதும் அடையாளம் காட்ட வருபவர்களைத் தாங்குவதும் குழியில் இறக்குவதும்தான் வேலை. எத்தனை என்று எண்ணவில்லை. அழவும் இல்லை. மாதக்கணக்கில் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு நாள் வீட்டுக் குளியலறையை மனைவி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினாள். அந்த நெடி மூக்கில் ஏறியவுடன் வாளியைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு அவளைக் கத்தினேன். ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. குழிகளைச் சுற்றி அதைத்தான் தூவியிருந்தோம் என்பது பல நாள் கழித்தே நினைவுக்கு வந்தது.

ஆகவே அறிகுறிகளைச் சொல்கிறேன்: ஒரு வாசனைக்கோ சத்தத்துக்கோ தேவையில்லாத ஆத்திரம், நள்ளிரவில் ஒரே நேரத்தில் விழிப்பு, சோறு இறங்காமை, யாரோடும் பேசப் பிடிக்காமை, ஆண்டுக் கணக்கில் இல்லாத புதிய குடிப்பழக்கம், "இவனுங்க எல்லாருமே இப்படித்தான்" என்று மக்களைப் பற்றி ஓயாமல் பேசுவது. கடைசியில் சொன்னதை யாரும் நோய் என்று கருதுவதில்லை. மனம் களைத்துப்போனதன் முதல் அடையாளமே அதுதான் என்பது என் அனுபவம். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் இவை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கடுமையான சம்பவம் நடந்த நாளில் பணி முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள், மதுக்கடைக்கும் போகாதீர்கள். உடன் இருந்த காவலரோடு கால் மணி நேரம் உட்கார்ந்து, யார் என்ன பார்த்தோம் என்று பேசிவிட்டுப் போங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் குளித்து, சீருடையைத் தனியே வையுங்கள். 2021இல் காவலர் முதல் தலைமைக் காவலர் வரைக்கும் வார ஓய்வு அளிக்க அரசாணை வந்தது. பந்தோபஸ்து என்று சொல்லி அது பறிபோகும் வாரங்களில் வேறு நாளைக் கேட்டுப் பெறுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தோடு சேர்ந்து துறை தொடங்கிய காவலர் நிறைவாழ்வுப் பயிற்சிக்குப் பெயர் கேட்டால் முதலில் கை தூக்குங்கள். துறைக்குத் தெரியாமல் பேச விரும்பினால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட்டு, துப்பாக்கி ஏந்தும் பணியிலிருந்து விலக்கு கேளுங்கள். மூத்தவர்கள் இதைக் கேட்டால் காரணத்தைத் துருவாமல் அந்த நிமிடமே மாற்றிவிட வேண்டும்.

எங்கிருந்து பேசத் தொடங்குவது என்று தெரியாமலே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். குழியையும் உடலையும் முதல் நாளிலேயே சொல்ல வேண்டியதில்லை. நான் என் மனைவியிடம் பிளீச்சிங் பவுடரிலிருந்து தொடங்கினேன். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பற்றிச் சொல்ல இன்னும் ஆறு ஆண்டுகள் ஆயின.